ஒரேயடியாவா?

அந்த அம்மா கேட்டதில் மனதில் நின்றது ஒரே ஒரு சொல்தான். பெரகல சந்தியில் தேத்தண்ணிக் கடைச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றிருந்தேன். பின் கரியரின் இரண்டு பக்கமும் உரப்பையை வெட்டித் தைத்த பைகள் தொங்கின. உள்ளே பத்துக் கிலோ அரிசி, தண்ணீர் நிரப்பிய போத்தல்கள். பாரம் ஏறினால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வீட்டு அரிசியைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அன்றைக்கு எங்கும் போகிற எண்ணமில்லை. கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி இந்தச் சந்தியில் கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே விழுகிறது. இங்கிருந்து பிரிகிற ஏ16 ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே ஏறி ஹாலி எல வரை போகிறது. எந்த நேரமும் யாராவது எதற்காவது காத்துக்கொண்டு நிற்கிற இடம். அந்த அம்மா வெல்லவாய பஸ்ஸுக்காக நின்றவர். சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். “எங்க தம்பி, ஒரேயடியாவா?” என்றார். “இல்லம்மா, சும்மா ஓட்டிப் பாக்கத்தான்” என்றேன். “சும்மாவா இம்புட்டுச் சாமான்?” பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். முகம் இப்போது ஞாபகத்தில் இல்லை. அந்த ‘ஒரேயடியா’ மட்டும் செயினுக்குள் சிக்கிய நூல் மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டுப்படுகிறது.

கேள்வியில் பிழையே இல்லை என்பதுதான் தொந்தரவு. மலையகத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் மூட்டை கட்டியதெல்லாம் ஒரேயடியாகப் போவதற்குத்தான். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். 1977 கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. எங்கள் சித்தப்பாவும் அப்படிப் போனவர்தான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருள், கருப்பட்டிச் சாக்கில் பாத்திரங்கள். போய்ப் பார்த்துவிட்டு வருவதற்காக எங்கள் வீட்டில் யாரும் எதையும் கட்டியதாக நான் கேட்டதில்லை. திருவிழாவுக்குப் போனாலும் ஒரு துணிப்பைதான், அதுவும் பாதி காலி. ஆக, இரண்டு பக்கமும் பை தொங்க ஒருவன் சந்தியில் நின்றால், அந்த அம்மாவின் கண் அதைப் படிக்கிற விதம் ஒன்றே ஒன்றுதான். அதே சந்தியில் வெள்ளைக்காரர்கள் இதைவிடப் பெரிய பைகளோடு ஹப்புத்தளைக்கு ஏறிப் போகிறார்கள். அவர்களிடம் யாரும் ஒரேயடியாவா என்று கேட்பதில்லை. அவர்கள் திரும்பிப் போகிறவர்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. என்னைப் பார்த்தால் ஏன் தெரியவில்லை?

சைக்கிள் என்பதே எங்கள் பக்கத்தில் கொஞ்சம் அந்நியமான சாமான். சித்தப்பா கிளிநொச்சியிலிருந்து வந்தபோது சொல்லிச் சிரித்தார்: நாற்பது வயதில் அங்கே போய்த்தான் சைக்கிள் ஓடப் பழகினாராம், சின்னப் பிள்ளைகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர. லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து லயத்துக்கு என்று எல்லாம் குறுக்குப் பாதை. படிக்கட்டும் கானும் பாறையும். அதில் சில்லு எதற்கு? ஆனால் சில்லுக்கு எங்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது: ரோதை. போர்த்துக்கேயரின் ‘ரோடா’ சிங்களத்துக்குள் நுழைந்து தோட்டத்துக்கு ஏறி வந்த சொல். தேயிலை ஸ்டோர் யந்திரங்களைக் காக்கிற சாமிக்கு ரோதைமுனி என்றே பெயர் வைத்துக் கும்பிட்டார்கள். ஆக, ரோதை சுற்றியது, பெல்ட்டு ஓடியது, கொழுந்து மூட்டை கம்பியில் தொங்கிக்கொண்டு மலைக்கு மலை பறந்தது. ஆள் மட்டும் நடந்தான். 1893-ல் ஹப்புத்தளைக்கு வந்த ரயில் 44 அடி போனால் ஓர் அடி ஏறுகிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை. யந்திரத்துக்குப் பாதை வெட்டியவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி அவ்வளவு மெதுவாக ஏற்றியிருக்கிறார்கள். குறுக்கில் ஏறிய காலுக்கு அப்படி யாரும் கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை. தோட்டம் மாறிப் போவதென்றால்கூட முன்பு கடனுக்குத் துண்டு வேண்டும். துண்டில் எழுதிய தொகையைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். அந்தத் துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிந்தது. என் சைக்கிள் பைக்கும் அதற்கும் நேரடியான சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் பெரகல வளைவில் நின்று தெற்கே பார்க்கும்போது, பனி விலகிய காலைகளில் அந்தச் சமவெளி முழுக்கத் தட்டில் வைத்த மாதிரி விரிந்து கிடக்கும்போது, இத்தனை தலைமுறையாக இதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறோமே என்று வயிற்றுக்குள் ஏதோ புரள்வது உண்மை.

சைக்கிள் வந்த கதை சாதாரணமானது. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்த வாரங்களில், ஊரில் கிடந்த பழைய சைக்கிளெல்லாம் தூசி தட்டி வெளியே வந்தன. ஹப்புத்தளை ஏற்றத்தில்கூட உத்தியோகத்தர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அவை மறுபடி கொட்டிலுக்குள் போயின. அப்படிப் போன ஒன்றைத்தான் பேரம் பேசி வாங்கினேன். கறுப்பு லுமாலா, 28 அங்குலச் சில்லு, கம்பி பிரேக், இரும்புக் கரியர். இதை வைத்துக்கொண்டு கதிர்காமம் போய் வரலாமே என்று தோன்றியது பிறகுதான். கொஸ்லந்தை, வெல்லவாய, தனமல்வில, திஸ்ஸமஹாராம, கதிர்காமம். நூறு கிலோமீட்டர் அளவு. எங்கள் ஆட்கள் நடந்தே போன தூரம்.

தூரத்துக்கென்று செய்த சைக்கிள்கள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றின் விலையைத் தோட்டக் கணக்கில் சொன்னால் எத்தனை நூறு பேர் விழ வேண்டும் என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். (பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பதே வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2021-ல்தான் வர்த்தமானியில் ஏறியது.) அதனால் ஒவ்வொரு சாமானையும் பேர்க் கணக்கில்தான் யோசித்தேன். டயர் இரண்டும் புதிதாகப் போட வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க முடியாது. டியூப் ஒன்று கூடுதலாக. பஞ்சர் ஒட்டுச் சாமான், கைப் பம், பின் சில்லின் நட்டுக்கு ஒரு ஸ்பேனர், சட்டத்தோடு டேப் சுற்றி ஒட்டிய நாலு கம்பி. பாரத்தின் பெரும்பங்கு பின் சில்லில்தான் இறங்கும், உடைகிற கம்பியும் அங்கேதான் உடையும். ஆகவே பண்டாரவளையில் ஒரு பாஸிடம் கொண்டுபோய்ப் பின் சில்லை மட்டும் முழுதாகக் கழற்றி இறுக்கிக் கட்டச் சொன்னேன். கொத்தனும் தச்சனும் மெக்கானிக்கும் எங்கள் ஊரில் பாஸ்தான். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், அதிகாரம் கழன்று கைத்தொழில் மட்டும் மிஞ்சிய பதவி. அந்த பாஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே, “இத வச்சு எங்க போகப் போறீங்க?” என்றார். கதிர்காமம் என்றேன். “போறது லேசு” என்றார். சுண்டுவதை நிறுத்தவில்லை.

போவது லேசுதான். வருவதுதான் கணக்கு. முன்பக்கம் 44 பல்லு, பின்பக்கம் 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் போகும். சமவெளிக்கு அருமையான கணக்கு, யாழ்ப்பாணத்துக்கென்றே செய்தது போல. பின்னால் 22 பல்லு ப்ரீவீல் மாட்டி, செயினில் ஓர் அங்குலம் கூட்டினால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பாரம் இளகும். அதிகச் செலவில்லாத மாற்றம், செய்தும் விட்டேன். பிரான்சைச் சுற்றுகிற பெரிய பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937 வரை அனுமதிக்கவில்லை என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின் சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்லில் ஏறினார்களாம். நாமும் ஏழைகளின் அந்தப் பரம்பரையில் வருகிறோம் என்று ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான், வண்டி, பாரம் எல்லாம் சேர்த்து 90 கிலோ. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற வீதியில் சாதாரண மனிதன் ஒருவன் மூச்சு வாங்காமல் கொடுக்கக்கூடிய பலத்துக்கு வண்டி மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூடப் போகாது. 22 பல்லிலும் பெடல் நிமிடத்துக்கு இருபது சுற்றுச் சொச்சம்தான் சுற்றும். அவ்வளவு மெதுவாக மிதித்தால் முழங்கால் போய்விடும், வண்டி ஒரு பக்கம் சாயும். இறங்கி உருட்டினால் நாலு கிலோமீட்டர் வேகம். ஆக உட்கார்ந்து மிதிப்பதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் வித்தியாசம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. வெல்லவாயவிலிருந்து பெரகல வரை திரும்பி ஏறுவதற்கு நான் வாங்க வேண்டிய முதல் சாமான் ப்ரீவீல் இல்லை, நல்ல சப்பாத்து. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதமும் ஒரு ப்ரீவீலும் செலவாயின. பாட்டனிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்.

இறக்கத்தைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை. எனக்கு அதுதான் கூடப் பயம். கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை கீழிருந்து மேலே எழும்பி ரிம்மின் உள்விளிம்பில் உராயும். 90 கிலோவை மெதுவாக 100 மீட்டர் உயரம் இறக்கினால் அந்த உராய்வில் பிறக்கிற சூடு, ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். நூறு மீட்டருக்கு ஒரு தேத்தண்ணி. கொஸ்லந்தைக்கு இறங்குவதற்குள் ஒரு வீட்டு ஆட்கள் எல்லோரும் குடித்துவிடலாம். வெயில் நாளில் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும், ரப்பர் வாசத்தோடு தப்பித்துவிடலாம். பெரகலவில் வெயில் நாள் எத்தனை? பனி இறங்கினால் குரோம் பூசிய இரும்பு ரிம்மில் ஒரு நீர்ப்படலம் படியும். அதன்மேல் கட்டை சும்மா வழுக்கும். அழுத்தி இரண்டு மூன்று சுற்றுப் போன பிறகுதான் பிடிக்கவே தொடங்கும், அந்த இரண்டு சுற்றுக்குள் ஒரு வளைவு முடிந்துவிடும். அதனால் ஒரு பழக்கம் பிடித்தேன்: வளைவு வருவதற்கு முன்பே லேசாகக் கட்டையைத் தொடவைத்து ரிம்மைத் துடைத்துக்கொள்வது. முன்னும் பின்னும் மாறி மாறிப் பிடிப்பது. கிலோமீட்டர்க் கல்லுக்குக் கல் நின்று, விரலில் எச்சில் தொட்டு ரிம்மில் வைத்துப் பார்ப்பது. அம்மா சட்டி சூடேறியதைப் பார்க்கிற மாதிரி. ‘சுர்’ என்றால் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த இடங்களில்தான் இந்த வீதியை முதல்முறையாகப் பார்த்தேன். பஸ்ஸில் நூறு தடவை போனவன்.

பைகளைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. உரப்பை நெய்த பிளாஸ்டிக், உள்ளே ஒரு பொலித்தீன் உறை. மழைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. 2021-ல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு அந்தப் பைகள் தோட்டத்தில் அரிதாகிப் போயின. என்னுடையவை அதற்கு முந்திய காலத்தவை, எழுத்து பாதி அழிந்தவை. அடியில் மெல்லிய பலகைத் துண்டு, மேலே பழைய டியூபை நீளமாகக் கிழித்த பட்டி. டியூப் பட்டி கயிற்றைப் போலத் தளராது, பள்ளத்தில் விழுந்தாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தை நான் கண்டுபிடித்ததில்லை, சித்தப்பாவுடையது. வன்னியில் அவர் விறகும் நெல்லும் ஒருமுறை நோயாளி ஒருவரையும் கட்டிக்கொண்டுபோன கரியரில் இரண்டு டியூப் பட்டிகள் எப்போதும் சுற்றிக் கிடக்கும். அங்கே மின்சாரம் இல்லாத வருடங்களில் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். சைக்கிளிடமிருந்து எவ்வளவு வாங்கலாம் என்பதை அந்த மண்ணைப் போல் அறிந்த இடம் குறைவு. பைகளைத் தைத்து முடித்த இரவு எல்லாவற்றையும் நிரப்பித் தராசில் வைத்தேன். 18 கிலோ. அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை அது. அம்மா தலையில் கயிற்றைப் போட்டு முதுகில் சுமந்த எடை, கொழுந்துக்கு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை மேலே வைத்து, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்து காலில் ஒட்ட. என் சைக்கிளுக்கு நான் விளையாட்டாக ஏற்றிய பாரம். அம்மா பைகளைத் தொட்டுப் பார்த்தார், தையலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குமேல் யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சந்தியில் நின்ற அந்த அம்மாவின் கேள்வி அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. எங்கள் மொழி பேசுகிறவர்கள் சைக்கிளில் பாரம் கட்டித் தூரம் போனதன் மிகப்பெரிய காட்சி எது? 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய கூட்டம். கரியரில் பாய், ஹாண்டிலில் வாளி, சட்டத்தில் பிள்ளை, மிதிக்க இடமில்லாமல் உருட்டிக்கொண்டு. பிறகு 2009. முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட சைக்கிள்கள் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் கரியரை உற்றுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கரியர் இருந்தது. சித்தப்பாவின் சைக்கிளும் அப்படி எங்கோ கிடந்து போனதுதான். டியூப் பட்டி எப்படி இழுத்துக் கட்டுவது, எடை எங்கே கீழே வரவேண்டும், எது உடையும், எது தாங்கும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. அவர்களில் யாரும் அதைப் பயணம் என்று சொல்லவில்லை. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்றொருவர் 1884-ல் பெரிய சில்லு சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் ஆகிற ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான் சாமான். குறைவாக எடுத்துக்கொண்டு போகிறவனின் அழகு என்று அதைச் சொல்கிறார்கள். திரும்பிப்போக ஒரு வீடு தன் இடத்தில் அப்படியே நிற்கும் என்ற நிச்சயம் அந்தப் பட்டியலில் எழுதப்படாத சாமான் என்று எனக்குப் படுகிறது. இப்படி எழுதும்போது சொந்த விளையாட்டுக்கு இவ்வளவு கனமான நியாயம் தேடுகிறேனோ என்ற கூச்சமும் வருகிறது. இரண்டு பேர் சம்பளத்தில் ப்ரீவீல் வாங்கியவனுக்கு இதெல்லாம் எதற்கு?

கொஸ்லந்தை வரை ஒருமுறை போய் வந்தேன், முழுப் பாரத்தோடு. இறங்கும்போது ஒன்பது தடவை நின்றேன். கொஸ்லந்தைக்கு முன்னால் மேலே பார்த்தால் மீரியபெத்தைச் சரிவு. 2014 அக்டோபர் 29 காலையில் மண் இறங்கி லயங்களை மூடிய இடம், பச்சைக்குள் இன்னும் அந்தத் தழும்பு தெரிகிறது. அங்கே நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஒரு பையனும் அவன் தங்கச்சியும் பாடசாலைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். “அண்ணே, கியர் இருக்கா?” என்றான். இல்லை என்றேன். “அப்ப எப்பிடி மேல போவீங்க?” தள்ளிக்கொண்டுதான் என்றேன். திரும்பி ஏறும்போது ஹாண்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் பையைப் பிடித்துக்கொண்டு அவன், ஒரு வளைவு வரை வந்தான். தள்ளும்போது ஒன்று புரிந்தது: பின்பைகள் கணுக்காலில் இடிக்கின்றன. மிதிக்கிறவனுக்காகத்தான் தைத்திருக்கிறேன், நடக்கிறவனுக்காகத் தைக்கவில்லை. பெரகல வந்து சேர இருட்டிவிட்டது. மறுநாள் பைகளைக் கழற்றி ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி, கொஞ்சம் உயர்த்திக் கட்டினேன். ஓட்டும்போது வால் இப்போது சற்று ஆடுகிறது. இருக்கட்டும்.

கிளம்பும் நாள் இன்னும் குறிக்கவில்லை, கச்சான் காற்று அடங்கட்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பைகளை மறுபடி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குசினியிலிருந்து ஒரு காலி பால்மா டின்னைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். “திருநூறு கொண்டாந்துரு. மூடி நல்லா இறுகும், மழ போகாது.” வேறொன்றும் சொல்லவில்லை. காலியாக ஒன்றை எடுத்துக்கொண்டு போக என் அடுக்கில் இடமே இல்லை. அரிசிப்பையை இறக்கி, போத்தல் ஒன்றைக் குறைத்து, இடப்பக்கப் பையின் மேலே டின்னை வைத்து டியூப் பட்டியால் இழுத்துக் கட்டினேன். சந்தி வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் டின் கடகடவென்று அடித்தது. தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே துணி கிணி அடைத்தால் சத்தம் நிற்கும்.